சொல் வரும்வரை காத்திருந்த மண்டபம்: கோல்டர்ஸ் கிரீனில் ஒரு ஞாயிறு

இது தூரப் பயணம் அல்ல. ஈஸ்ட் ஹாமில் ரெயில் ஏறி, இடையில் ஒருமுறை மாறி, கோல்டர்ஸ் கிரீனில் இறங்கி, பஸ்ஸில் இன்னும் கொஞ்சம் போக வேண்டும். ஒரு வழிக்கு ஒன்றேகால் மணித்தியாலம் பிடிக்கும். ஆனால் லண்டனுக்கு வந்து இத்தனை வருடத்தில் நான் அந்தப் பக்கம் போனதெல்லாம் வேலைக்குத்தான். டைல்ஸ் ஒட்டும் சாமான்களோடு பின்வாசலால் உள்ளே போய், பொழுதுபட அதே வாசலால் வெளியே வந்த வீடுகள்தான் எனக்குத் தெரிந்த வட லண்டன். முன்வாசலால், அழைப்போடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு போனது இந்த இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

போனது ஒரு யூத ஆலயத்துக்கு. அங்கே வருடாவருடம் குளிர்காலம் முழுவதும் கலை நிகழ்ச்சிகளும் சமூக நிகழ்ச்சிகளும் நடத்துகிறார்கள். அதன் தொடக்க விழா அன்று. எனக்கும் யூத ஆலயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் வழி சொன்னால் இந்தப் பதிவில் அர்த்தம் இல்லை.

அதற்கு முந்திய குளிர்காலத்தில், ஹாம்ஸ்டெட்டில் ஒரு வீட்டுக் குளியலறையில் முழங்காலில் இருந்து டைல் ஒட்டிக்கொண்டிருந்தேன். எழும்பப் பார்த்தால் இடது கால் என்னுடையதாக இல்லை. பாரிசவாதம். ஆம்புலன்ஸ் நேரே நகரத்துக்குள் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அந்த வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் லெனர்ட். எழுபது தாண்டிய மனிதர். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தங்கள் ஆலயத்துப் பாடகர் குழுவை நெடுங்காலம் நடத்தியவர். எனக்குக் காலும் கையும் போயிருந்தன. அவருக்குக் கால் கை எல்லாம் ஒழுங்கு, பேச்சுத்தான் போய்விட்டது. சொல்வது எல்லாம் விளங்கும். பதில் சொல்ல வாய் திறந்தால் சொல் வராது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அவர் தாதியிடம் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டார். தாதிக்கு விளங்கவில்லை. தலையணையைச் சரிசெய்தார், தண்ணீர் கொடுத்தார். லெனர்ட் தலையாட்டி மறுத்தார். எனக்கு அந்தச் சொல் காதில் பட்டது. "ஃபென்ஸ்டர்." லண்டன் வருமுன் நான் பன்னிரண்டு வருடம் ஜெர்மனியில் இருந்தவன். யன்னலை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். "யன்னலைப் பூட்டச் சொல்லுறார், அவருக்குக் குளிருது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பூட்டியதும் லெனர்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் பேசியது ஜெர்மன் அல்ல, யிடிஷ் என்று பிறகுதான் தெரிந்தது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டுமொழி. ஜெர்மனுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. லெனர்ட் சின்ன வயதில் தாயோடு அதைப் பேசியிருக்கிறார். வாழ்நாள் முழுவதும் பேசிய ஆங்கிலம் அடைபட்டுக் கிடக்க, ஐந்து வயதில் பேசிய மொழி அங்கும் இங்குமாகக் கசிந்தது. அதில் நான் பாதியைப் பிடித்தேன்.

மறுநாள் அவருடைய மனைவி எஸ்தர் வந்தபோது நான் லெனர்டோடு ஜெர்மனில் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். எஸ்தரின் முகம் மாறியது. என்னைச் சக்கரக் கதிரையில் வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டுபோய், மிக மரியாதையாகச் சொன்னார்: "நீங்கள் அன்பாகத்தான் செய்கிறீர்கள். ஆனால் எங்கள் வீட்டில் அந்த மொழியைப் பேசுவதில்லை. லெனர்டின் அம்மா நாசிகளிடம் இருந்து தப்பி வந்தவர். அவருடைய தாய் தகப்பன் வரவில்லை."

என்னை அகதியாக ஏற்று, தொழில் பழக்கி, முதல் சம்பளம் தந்த மொழி அது. அதே மொழியில்தான் அவர்களுக்கு அந்தக் கொடுமை நடந்தது. "மன்னிக்க வேணும்" என்று சொல்லிவிட்டு அன்று முழுவதும் பேசாமல் கிடந்தேன். அடுத்த நாள் விடிய லெனர்ட் தன் கட்டில் கம்பியில் தட்டினார். நான் திரும்பிப் பார்க்க, "குட் மோர்கன்" என்றார், வேண்டுமென்றே. எஸ்தர் வந்தபோதும் நிறுத்தவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, தன் கதிரையை எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அப்படித் தொடங்கிய பழக்கம்.

அழைப்பு எஸ்தரிடம் இருந்து போனில் வந்தது. ஒரு விளம்பரப் படம், கீழே இரண்டு வரி: லெனர்ட் மறுபடி குழுவோடு பாடப் போகிறார், நீங்கள் இருவரும் வர வேண்டும். சனிக்கிழமை இரவு இன்னொரு செய்தி: இப்போது வரமாட்டேன் என்கிறார், நீங்கள் எப்படியும் வாருங்கள்.

"அவர் வராட்டில் நாங்கள் ஏன் போறது?" என்று என் மனைவி சாந்தி கேட்டாள். கேட்டுக்கொண்டே முறுக்குக்கு மா குழைத்தாள்.

சரி, வழி. ஈஸ்ட் ஹாமில் இருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் போய் மொனுமென்ட்டில் மாறலாம் என்று போன் காட்டும். நான் சொல்வேன், ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைனைப் பிடித்து மூர்கேட்டில் நோர்தர்ன் லைனுக்கு மாறுங்கள். நிலத்தடி நடை குறைவு. என்னைப் போல் பொல்லு ஊன்றி நடப்பவருக்கு அது பெரிய விசயம். நோர்தர்ன் லைன் மேலே இரண்டாகப் பிரியும். எட்ஜ்வேர் என்று போட்ட ரெயிலில்தான் ஏற வேண்டும். ஹை பார்னட் ரெயிலில் ஏறினால் வேறு பக்கம் போய்விடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதை திருத்த வேலை என்று அடிக்கடி மூடுவார்கள். காலையில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கோல்டர்ஸ் கிரீன் வருமுன் ரெயில் சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு ஏறும். அன்று அந்த இடத்தில் இரண்டு பக்கமும் மரங்கள் மஞ்சளாக நின்றன. சாந்தி கதையை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தாள்.

ஸ்டேசனுக்கு முன்னாலேயே பஸ் நிலையம். ஃபின்ச்லி ரோட் வழியாக டெம்பிள் ஃபோர்ச்சூன் பக்கம் போகும் பஸ் எதுவும் சரி. தூரம் ஒரு மைல் வரும். பஸ் ஒன்றேமுக்கால் பவுண்டு. கால் நன்றாக இருந்தால் நடந்தே போங்கள். வழியெங்கும் பேக்கரிகள். ஞாயிறு காலையில் பேகல் என்ற வளைய ரொட்டி வாங்க வரிசையில் நிற்கும் குடும்பங்களைப் பார்த்தால் ஈஸ்ட் ஹாமில் நம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் கொத்து ரொட்டிக்கு நிற்கும் வரிசைதான் ஞாபகம் வரும். சனிக்கிழமை போனால் பாதிக் கடை பூட்டிக் கிடக்கும், அது அவர்களின் ஓய்வு நாள்.

பஸ்ஸால் இறங்கிய இடத்தில் ஒரு மூலைக்கடை. தண்ணீர் வாங்க உள்ளே போனால், கவுண்டரில் நின்றவர் சாந்தியின் கையில் இருந்த எவர்சில்வர் டப்பாவைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

"அக்கா, எங்க போறியள்?"

பெயர் ரூபன். யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரர். பிரான்சில் இருந்து வந்து அந்தக் கடையை எடுத்து நடத்துகிறார். ஆலயத்தின் பெயரைச் சொன்னோம். கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத்தைக் காட்டினார். எஸ்தர் அனுப்பிய அதே படம்.

"நான்தான் ஒவ்வொரு வருசமும் ஒட்டுறனான். நல்ல சனம், அண்ணை. ஆனா இந்த முறுக்கோட உள்ள விடமாட்டினம்."

"ஏன், மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லையே?" என்றாள் சாந்தி.

"அதில்லை அக்கா. அவையின்ர சாப்பாட்டுக்குக் கோஷர் எண்டு ஒரு முறை இருக்கு. வெளி வீட்டில சமைச்சது அந்தச் சமையலறைக்குள்ள போகேலாது. நீங்கள் சைவம் எண்டாலும் சட்டி பானை வேற. கோவிலுக்குள்ள நாங்கள் வெளிச் சாப்பாடு விடுவமே? வெட்டாத முழுப் பழமா வாங்கிக் கொண்டு போங்கோ, அதுக்குப் பிரச்சினை இல்லை. டப்பாவை இஞ்ச வையுங்கோ, திரும்பிப் போகேக்க எடுக்கலாம்."

சாந்திக்கு முகம் வாடியது. இரவு பத்து மணிவரை பிழிந்த முறுக்கு. ஆனாலும் கோவில் என்றதும் அவளுக்கு விசயம் பிடிபட்டுவிட்டது. மாதுளம்பழம் ஆறு வாங்கினாள். டப்பாவை ரூபனிடம் கொடுக்கும்போது, "திண்ணுங்கோ தம்பி, திருப்பி எடுக்கிறதுக்குத் தரேல்லை" என்றாள்.

அங்கிருந்து ஒரு பக்கத்துத் தெருவுக்குள் மூன்று நிமிட நடை. வெளியில் பெரிய பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. உயரமான இரும்புக் கதவு, கேமரா, பளிச்சென்ற சட்டை போட்ட இரண்டு பேர். இந்த நாட்டில் இப்போது யூத ஆலயங்களின் வாசலில் காவல் இருப்பது ஏன் என்று செய்தி பார்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நின்றவர்கள் சம்பளக் காவலர்கள் அல்ல, அந்தச் சபையைச் சேர்ந்தவர்களே முறை போட்டு நிற்கிறார்கள். தலையில் சின்னத் தொப்பி வைத்திருந்த ஒருவர் எங்கள் பெயரைக் கேட்டார், பையைத் திறந்து பார்த்தார், யாரைத் தெரியும் என்று விசாரித்தார்.

"லெனர்ட்" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. "ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் நீங்களா?" என்றார். பிறகு மாதுளம்பழங்களைப் பார்த்துவிட்டு, எங்கள் புதுவருடத்துக்கு இது விசேசமான பழம், யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சிரித்தார். சாந்தி தானே யோசித்து வாங்கியது போல் தலையசைத்தாள்.

அந்தக் கதவைத் தாண்டும்போது எனக்கு ஒன்று தோன்றியது. பயப்படக் காரணம் உள்ளவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பதுதான் சுலபம். இவர்கள் காவலும் போட்டு, கதவையும் திறந்து வைத்து, அயலவர் எல்லோரும் வாருங்கள் என்று மூலைக்கடைக் கண்ணாடியில் விளம்பரமும் ஒட்டியிருக்கிறார்கள்.

உள்ளே நடைபாதையின் ஒரு சுவர் முழுவதும் தொங்கியது ஒரு பெரிய ஒட்டுத்துணி விரிப்பு. சபையின் ஒவ்வொரு குடும்பமும் ஒரு சதுரத் துணியில் தங்கள் பரம்பரை வாழ்ந்த ஒரு லண்டன் தெருவைத் தைத்திருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் லண்டன் வரைபடம். கிழக்கே வைட்சேப்பல், ஸ்டெப்னி. அங்கே தையற்கடைகள், மீன் வண்டி, ஒரே யன்னலில் ஆறு முகம். அங்கிருந்து மேலே மேலே ஏறி வட லண்டனில் தோட்டம் வைத்த வீடுகள். ஈஸ்ட் ஹாமில் அறை எடுத்து இருந்து, பிறகு ஹாரோவுக்கும் அதற்கு அப்பாலும் வீடு வாங்கிப் போன நம் ஆட்களின் கதையை யாரோ முன்கூட்டியே தைத்து வைத்த மாதிரி இருந்தது.

எஸ்தர் எங்களைக் கண்டு ஓடிவந்தார். சாந்தியைக் கட்டிப்பிடித்துவிட்டு, என் கையைப் பிடித்து விரிப்பின் வலது ஓரத்துக்குக் கூட்டிப்போனார். சாம்பல் துணியில் ஒரு நீள மதில், பூட்டிய கதவு, மதிலில் மூன்று குருவி.

"இது நான் தைத்தது. எங்கே என்று சொல்லுங்கள் பார்ப்போம்."

எனக்கு உடனே தெரிந்தது. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நம் கடைகளைத் தாண்டிப் போனால் வரும் பழைய யூத இடுகாடு. மரக்கறிப் பையோடு எத்தனையோ தரம் அதைக் கடந்திருக்கிறேன். உள்ளே யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"என் பூட்டனார் உங்கள் தெருவில்தான் படுத்திருக்கிறார்" என்றார் எஸ்தர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "லெனர்ட் வந்திருக்கிறார். ஆனால் மண்டபத்துக்கு வரமாட்டாராம். மேலங்கிகள் தொங்கவிடும் அறையில் இருக்கிறார். ஒரு வரி பேசுவதாக ஒப்புக்கொண்டாரே, அதுதான் பயம். இவ்வளவு பேருக்கு முன்னால் சொல் வராமல் போனால் என்று. நான் எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். இனிக் கேட்கவும் எனக்கு மனம் இல்லை."

நான் மட்டும் போனேன். ஈர மேலங்கிகளுக்கு நடுவே ஒரு வாங்கில் லெனர்ட் இருந்தார். வெள்ளைச் சேட், கறுப்புக் காற்சட்டை, மினுக்கிய சப்பாத்து. உடுப்பு பாட வந்தவருடையது, முகம் வீட்டுக்குப் போகப் பார்ப்பவருடையது. என்னைக் கண்டதும் எழும்பிக் கை தந்தார். பக்கத்தில் இருந்தேன்.

"நைன்", மாட்டேன் என்றார், நான் ஒன்றும் கேட்கும் முன்னமே. தன் வாயைத் தொட்டுக் காட்டினார். "கபுட்." பழுதாம்.

"சரி" என்றேன் ஜெர்மனில்.

புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி? பாரிசவாதம் வந்த பிறகு நான் கலியாண வீடு ஒன்றுக்கும் போகவில்லை. சாப்பிடும்போது இடது கை நடுங்குவதை ஆட்கள் பார்ப்பார்கள் என்று. அதை அவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார், தலையசைத்தார்.

பிறகு எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டதைக் கேட்டேன். "எனக்குக் கால் நீட்ட இடம் வேண்டும். ஓரக் கதிரை எங்கே கிடைக்கும்?"

தந்திரம் ஒன்றும் இல்லை. இரண்டு ரெயிலும் பஸ்ஸும் ஏறி வந்ததில் கால் விறைத்துப் போயிருந்தது. ஆனால் லெனர்ட் அந்த இடத்தில் நெடுநாள் வீட்டுக்காரராக இருந்தவர். வந்தவன் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. எழும்பினார், என் முழங்கையைப் பிடித்தார், நேரே மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். முன்வரிசை ஓரத்தில் ஒரு கதிரையை இழுத்து, முன்னால் ஒரு அடி இடம் விட்டு, இருங்கள் என்று கையால் காட்டினார். நிமிர்ந்து பார்த்தால் பாடகர் குழு முழுவதும் மேடையில் ஏறி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருவரும் கூப்பிடவில்லை. குழுவை இப்போது நடத்துபவர் ஹன்னா என்ற இளம்பெண், ஒருகாலத்தில் லெனர்டின் மாணவி. அவர் தன் பாட்டுத் தாளைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டார். பின்வரிசையில் கீழ்க்குரல் பாடும் ஆண்கள் இருவர் சற்றே விலகி நின்றார்கள். நடுவில் ஒரு ஆள் அளவுக்கு இடம். லெனர்ட் அந்த இடத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை இழுத்துவிட்டு மேடையில் ஏறினார்.

இது ஆணும் பெண்ணும் கலந்து இருக்கும் சபை. பாட்டும் அப்படியே. ஹீப்ரு, ஆங்கிலம், ஸ்பெயினில் இருந்து துரத்தப்பட்ட யூதர்களின் பாட்டு ஒன்று என்று மாறி மாறி வந்தன. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் நூறு பேர் வரை இருந்த மண்டபத்தில் மைக் இல்லாமல் குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கேட்க, சாந்தி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து இருந்தாள். லெனர்ட் ஒரு சொல்லும் தவறாமல் பாடினார். பேசத் தடுமாறும் சிலருக்குப் பாட்டில் சொல் தானாக வரும் என்று வார்டில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

கடைசிப் பாட்டு ஒரு யிடிஷ் தாலாட்டு. ஹன்னா ஒதுங்கி நின்றார். லெனர்ட் முன்னால் வந்தார். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி அறிமுகம்.

"இந்தப் பாட்டு" என்றார். நல்ல தெளிவாக வந்தது. "இது... என்..."

அவ்வளவுதான். வாய் திறந்தபடி இருந்தது, சொல் வரவில்லை. மறுபடி "என்..." என்றார். கழுத்து நரம்பு தெரிந்தது.

எனக்கு இரண்டு கதிரை தள்ளி இருந்த எஸ்தருக்கு அந்தச் சொல் தெரியும், அவர் உதடு இறுகியிருந்தது. மண்டபத்தில் பாதிப் பேருக்கு அந்தச் சொல் தெரியும் என்று நினைக்கிறேன். சாந்தி என் காதில், "ஆரும் எடுத்துக் குடுக்கலாமே?" என்றாள்.

ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒருவரும் இருமவில்லை, கைதட்டிச் சமாளிக்கவில்லை, பரிதாபமாகச் சிரிக்கவும் இல்லை. ஹன்னா கைகளைக் கீழே விட்டு நின்றார். பின்வரிசையில் ஒரு தகப்பன் மடியில் இருந்த பிள்ளைகூட அசையவில்லை. பேச்சு அவருடையது, அவர் முடிக்கும்வரை அது அவருடையதாகவே இருக்கட்டும் என்று அத்தனை பேரும் இருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு மனிதனுக்கு அவ்வளவு மரியாதை செய்து நான் பார்த்ததில்லை.

லெனர்ட் கண்ணை மூடினார். வலது கையைத் தூக்கினார். சொல்லை விட்டுவிட்டுப் பாட்டைத் தொடங்கினார்.

முதல் அடி அவர் தனியாக. இரண்டாம் அடியில் குழு கீழே இருந்து மெல்லச் சேர்ந்தது. ஹன்னா கையசைக்கவில்லை, லெனர்டின் கையைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு அங்கொன்று இங்கொன்றாகச் சொல் விளங்கியது. நித்திரை, பிள்ளை, நாளைக்கு. மீதியை விளங்காமலே கேட்டேன்.

பாட்டு முடிந்தது. தட்டுவதற்குக் கைகள் எழும்பிய அதே நேரம் லெனர்ட் தன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அம்மா" என்றார். பிறகு, அவசரமே இல்லாமல், முழுதாக: "இது என் அம்மாவின் பாட்டு."

பாடி முடிந்த பிறகு அறிமுகம் செய்யப்பட்ட பாட்டு. முதலில் சிரித்தவர் அவர்தான். அதன் பிறகுதான் மண்டபம் சிரித்தது, தட்டியது, எழும்பி நின்றது. எஸ்தர் சிரிப்பதும் கண்ணைத் துடைப்பதுமாக இருந்தார். சாந்தி அவர் பக்கம் போய் இருந்துகொண்டாள். அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

பிறகு பருப்புச் சூப்பும் பின்னல் போட்ட இனிப்புப் பாணும். ஆறு பவுண்டு, சூப் இரண்டாம் தரமும் கேட்கலாம். அந்தச் சமையலறையில் இறைச்சி சமைப்பதில்லை. சைவக்காரர் நம்பிச் சாப்பிடலாம். மாதுளம்பழத்தை உடைத்துப் பெரிய கோப்பையில் நடு மேசையில் வைத்திருந்தார்கள்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஹன்னா கதிரையில் ஏறி நின்று இந்தக் குளிர்காலத்துக்கான நிகழ்ச்சிகளைச் சொன்னார். ஒட்டுத்துணி விரிப்பு வசந்தம் வரை தொங்கும். புதன்கிழமை மாலைகளில் யிடிஷ் பேசிப் பழகும் மேசை, ஒரு சொல்லும் தெரியாதவர்களும் வரலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பின்னல் பாண் சுடும் வகுப்பு. ஒரு திரைப்பட மாலை, பிறகு கலந்துரையாடல். குளிர் கூடிய ஞாயிறுகளில் மதிய சூப், யாரும் வந்து சாப்பிடலாம், என்ன மதம் என்று கேட்கமாட்டார்கள். டிசம்பரில் அவர்களின் விளக்குத் திருவிழா. எட்டு நாளில் ஒரு நாள் தெருவில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டு முற்றத்தில் விளக்கேற்றுவார்கள்.

"அன்றைக்கு அயலவருக்கு இந்தத் திருவிழா என்ன என்று யாராவது விளக்கிச் சொல்ல வேண்டும். யார் பேசுகிறீர்கள்?" என்று ஹன்னா கேட்டார்.

கைகள் எழும்பவில்லை. பேச்சு என்றால் எல்லா ஊரிலும் இப்படித்தான், எல்லோரும் சூப்பைப் பார்த்தார்கள். எங்கள் மேசையில் ஒரு கை எழும்பியது. லெனர்ட்.

எஸ்தர் கரண்டியைக் கீழே வைத்தார். ஹன்னா ஒரு கணம் பார்த்தார். பிறகு மற்ற யாரிடமும் கேட்பது போலவே கேட்டார். "இரண்டு நிமிடம் போதுமா, லெனர்ட்?"

லெனர்ட் யோசித்தார். இந்த முறை சொல் அவரைக் காக்க வைக்கவில்லை.

"பத்து" என்றார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விசயங்கள். இப்படியான சபைகள் வட லண்டனில் பல இருக்கின்றன. அவற்றின் இணையப் பக்கங்களில் பொது நிகழ்ச்சிகளைப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் நுழைவு இலவசம், ஆனால் முன்கூட்டியே பெயர் பதியாமல் போனால் வாசலில் திருப்பி அனுப்புவார்கள். அடையாள அட்டை கொண்டுபோங்கள், பெரிய பை வேண்டாம். வாசலில் கேள்வி கேட்டால் முகம் சுளிக்காதீர்கள், கேட்பவர் தன் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் காவல் காக்கிறார். ஆண்களுக்குத் தலைக்குத் தொப்பி கேட்டால் வாசலிலேயே தருவார்கள். வீட்டுச் சாப்பாடு வேண்டாம், முழுப் பழம் நல்லது. பொல்லோடு நடப்பவர்கள் முதலே அறிவித்தால் ஓரக் கதிரை வைத்துத் தருவார்கள். ஈஸ்ட் ஹாமில் இருந்து போக வரச் செலவு ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு பவுண்டுக்குள், சாப்பாடு தனி.

விளக்குத் திருவிழா மாலைக்குப் போகிறவர்கள் கம்பளிச் சட்டை இரண்டாகப் போடுங்கள், முற்றத்தில்தான் நிற்க வேண்டும். முடியும் நேரம் என்று விளம்பரத்தில் ஒன்று போட்டிருப்பார்கள். அதை நம்பி ரெயிலுக்கு நேரம் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். அன்றைக்கு லெனர்ட் பேசுகிறார்.